அக்காடிய மொழி வகுப்பில் சேர்வோருக்கு

பாபிலோனியரும் அசிரியரும் களிமண் பலகைகளில் ஆப்பு வடிவக் குறிகளால் ஆன ஆப்பெழுத்தில் எழுதி வைத்த அக்காடிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக எடுப்பவர், அங்கே பேச்சுப் பயிற்சியை எதிர்பார்க்கக் கூடாது. தொடக்கம் முதலே இலக்கணமும் வாசிப்பும்தான். பல வகுப்புகளில் கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்களே முதலில் வாசிக்கப்படுகின்றன; ‘ஒருவன் இன்னது செய்தால் இன்னது செய்யப்படும்’ என்ற ஒரே வாய்பாட்டில் அவை பெரும்பாலும் அமைந்திருப்பது புதியவருக்குப் பெரிய வசதி.

பாடங்கள் முதலில் ரோமன் எழுத்தில் தரப்பட்டாலும், ஆப்பெழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே குறி ‘அன்’ என்ற அசையாகவும், வானம், கடவுள் என்ற சொற்களாகவும், கடவுளர் பெயருக்கு முன் வாய்விட்டு வாசிக்கப்படாத அடையாளமாகவும் வரக்கூடும் என்பதால், குறிகளைத் தனிப்பட்டியலாக உருப்போடுவதைவிட, வாசித்த சொற்களோடு சேர்த்து எழுதிப் பழகுவதே நிலைக்கும்.

196ஆம் சட்டத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஷும்ம அவீலும் ஈன் மார் அவீலிம் உஹ்தப்பித், ஈன்ஷு உஹப்பதூ.’ பொருளை ஊகிக்குமுன் ஈறுகளைப் பாருங்கள். ‘அவீலும்’ (ஒருவன்) என்பதன் ‘உம்’ எழுவாயைக் காட்டுகிறது; ‘அவீலிம்’ என்பதன் ‘இம்’ ஆறாம் வேற்றுமை; இடையிலுள்ள ‘ஈன்’, ‘மார்’ இரண்டும் ஈறிழந்து அடுத்த சொல்லோடு பிணைந்து ‘ஒருவனுடைய மகனின் கண்ணை’ என்றாகின்றன. ‘உஹ்தப்பித்’ என்ற வினையில் முன்னொட்டு ‘உ’வையும், நடுவே நுழைந்த ‘த’வையும், இரட்டித்த பகரத்தையும் விலக்கினால் ஹ், ப், த் என்ற மெய்களாலான வேர் எஞ்சும். கண்ணைக் கெடுத்தவனின் கண்ணைக் கெடுப்பார்கள் என்ற தண்டனை அதன் பின்னரே தெளிவாகும். வினை இறுதியில் நிற்பது தமிழருக்கு இயல்பாகவே படும். அரபிலும் இத்தகைய மெய்வேர்களே என்பதால், வேரைப் பிரித்தெடுப்பதில் அரபு அறிந்தவர்கள் நம்மை முந்திவிடுவார்கள்.

1921இல் தொடங்கி 2011இல் நிறைவுற்ற, அக்காடியச் சொற்களுக்கான சிகாகோ அசிரிய அகராதியின் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் தலைச்சொற்கள் ஈற்று மகரமின்றி இருக்கும் என்பதையும், வேர்வரிசையில் அல்லாமல் சொல்வரிசையில் அமைந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஹுப்புது’ என்று தேடினால் மேற்கண்ட வினை கிடைத்துவிடும். ‘அவீலு’ அகப்படாமல் திகைப்பவர் ‘அமீலு’ என்ற பிற்கால வடிவத்தின் கீழ் பார்க்க வேண்டும்.

வகுப்புக்குத் தயாராகும்போது வரிகளுக்கிடையே மொழிபெயர்ப்பை எழுதிவைப்பது கெட்ட பழக்கம். கண் மூலத்தை விட்டு அதற்கே தாவும். வேர், வினைவகை, இடம், எண் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் குறித்துக்கொண்டு, வெறும் மூலத்தைப் பார்த்து வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்லிப் பழகுங்கள். அச்சில் வந்த மொழிபெயர்ப்பைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஆசிரியர் கேட்கப்போவது இந்த ஈறு ஏன் வந்தது என்பதைத்தான். தேர்வில் முன்பு வாசிக்காத பகுதி வருமா, அகராதிக்கு அனுமதி உண்டா என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுங்கள். மனப்பாடம் செய்யவேண்டிய சொற்களின் அளவு அதைப் பொறுத்தது.