அடுத்த பேஸுக்கு எத்தனை கம்பி? பல கம்பி பேஸ் கிடாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு கம்பி பேஸ் கிடார் ஒன்றைச் செய்து முடித்தவருக்கு அடுத்ததாக ஒரு ஆசை வரும். ஏழோ, எட்டோ, பன்னிரண்டோ, வித்தியாசமாக ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் பலரும் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, கூடுதல் கம்பிக்கு என்ன வேலை என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவைதான்.

கிடார் நிறுவனமான ஃபெண்டரே இதில் சறுக்கியிருக்கிறது. 1965இல் அவர்கள் விட்ட ஐந்து கம்பி பேஸில் கூடுதல் கம்பி மேலே, சி சுருதியில் இருந்தது. ஃப்ரெட் (கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) மட்டும் 15. கணக்குப் போட்டால் வேடிக்கை தெரியும்: 20 ஃப்ரெட் உள்ள சாதாரண பேஸின் மேல் கம்பியான ஜி கம்பியில் கடைசியாக எந்த ஸ்வரம் கிடைக்குமோ, இதன் சி கம்பியிலும் கடைசி ஸ்வரம் அதேதான். கம்பி ஒன்று கூடியும் புதிதாக ஒரு ஸ்வரம்கூட வரவில்லை. கை மேலே ஓடும் தூரம் குறைந்தது, அவ்வளவுதான். சில வருடங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். 1975இல் பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சனுக்காகக் கிடார் செய்பவரான கார்ல் தாம்ப்சன் செய்த ஆறு கம்பி பேஸின் கதை வேறு. கீழே ஒரு பி, மேலே ஒரு சி, இரண்டுமே புதிய ஸ்வரங்களைத் தந்தன. இன்று ஆறு கம்பி பேஸ் என்றாலே பெரும்பாலும் அந்தச் சுருதிதான்.

கீழே இன்னும் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் ஹெர்ட்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. சாதாரண பேஸின் கீழ்க் கம்பியான ஈ 41 ஹெர்ட்ஸ், பி 31, அதற்கும் கீழே எஃப் ஷார்ப் 23. அடுத்த சி ஷார்ப் 17. மனிதக் காதின் எல்லையாகச் சொல்லப்படும் 20ஐயே தாண்டிக் கீழே போய்விடுகிறது. சாதாரண பேஸ் ஸ்பீக்கர்களில் 40க்குக் கீழே அடிப்படை ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். காதில் விழுவது பெரும்பாலும் அதோடு சேர்ந்து எழும் மேல் ஒத்திசைகள்தான். தடித்த கம்பி விறைப்பானது என்பதால் அந்த ஒத்திசைகளும் கொஞ்சம் சுருதி ஏறியே ஒலிக்கும். ஸ்கேலை, அதாவது கம்பி அதிரும் நீளத்தை, நீட்டினால் நிலைமை தேறும்: அதே கம்பி, அதே சுருதி, 34 அங்குலத்துக்குப் பதில் 37 என்றால் இழுவிசை சுமார் 18 சதவீதம் கூடும். ஆனால் மேல் கம்பிகளுக்கு அந்த நீளம் தேவையில்லை. டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் ஃப்ரெட்டுகள் விசிறிபோல் விரிந்து, கீழ்க் கம்பிக்கு 37, மேல் கம்பிக்கு 34 என்று அமைவது இதற்காகத்தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மட்டும் விசிறி ஃப்ரெட் போட்டால் பிரிட்ஜும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பாகம்) சாய்ந்து, வேலை இரட்டிப்பாகும்.

ஜோடிக் கம்பி வகை தனி உலகம். சுவீடனின் ஹாக்ஸ்ட்ராம் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த எட்டு கம்பி பேஸில் ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே மெல்லிய கம்பி. இங்கே ஸ்வர வீச்சு பெரிதாகக் கூடுவதில்லை, ஒலிதான் மாறுகிறது. அதனால் இதற்கு அகலமான நெக்கும் தேவையில்லை. ஜோடிகள் நெருக்கமாக நிற்கும். பணம் மிச்சம் பிடிக்க, இரண்டு கம்பிக்கும் ஒரே சேடில் (கம்பி அமரும் தாங்கி) வைத்த பிரிட்ஜை வாங்குவதுதான் பெரிய தவறு. தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் வேண்டிய நீளம் வேறு. திறந்த கம்பியில் சுத்தமாக ஒலித்த ஜோடி, 12ஆம் ஃப்ரெட்டில் பிடித்ததும் அலை அலையாக அடித்துக்கொள்ளும். இதையே ஃப்ரெட் இல்லாமல் செய்து பார்க்கலாமே என்று தோன்றினால் வேண்டாம் என்பேன்: விரல் நுனி கொஞ்சம் சாய்ந்தாலே இரண்டு கம்பியும் இரண்டு சுருதி.

பன்னிரண்டு கம்பியில் ஒரு பேஸ் கம்பிக்கு ஒரு ஆக்டேவ் மேலே இரண்டு துணைக் கம்பிகள். சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்சனுக்காக ஹேமர் நிறுவனம் 1970களில் செய்ததுதான் இதில் பேர்போனது. சாதாரண பேஸின் நாலு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது 70–80 கிலோ. 34 அங்குலத்தில் பன்னிரண்டும் சேர்ந்தால் 150ஐத் தாண்டிவிடும். நெக் வளையாமல் உள்ளிருந்து தாங்கும் ட்ரஸ் ராடு ஒன்றையே நம்பாமல் இரண்டு வைப்பதும், கூடவே கார்பன் ஃபைபர் பட்டை பதிப்பதும் இங்கே ஆடம்பரம் இல்லை.

சரி, ஏழு கம்பிதான் வேண்டும் என்கிறீர்களா? கம்பிக்குக் கம்பி 17 மில்லிமீட்டர் வைத்தால் பிரிட்ஜில் ஆறு இடைவெளி, 102 மில்லிமீட்டர். மரத்தை அறுக்கும் முன் அதற்கேற்ற நெக் அளவுக்கு ஒரு பலகைத் துண்டைச் சீவி, பெல்ட் போட்டு நின்றபடி, முதல் ஃப்ரெட் இருக்கும் இடத்தில் கடைசிக் கம்பியை எட்டிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கி வலித்தால் ஸ்கேலையோ இடைவெளியையோ குறைக்க வேண்டியதுதான்.

அதேபோல் கம்பியை முதலில் வாங்குங்கள், மரத்தை அல்ல. நாலு, ஐந்து கம்பி செட்போல எஃப் ஷார்ப் கம்பி எந்தக் கடையிலும் தொங்காது. கிடைத்தாலும் கம்பி மேல் சுற்றிய உலோகச் சுற்று 37 அங்குலத்துக்கு மேல் நீள்கிறதா, சுருதி முறுக்கும் ட்யூனரின் துளையில் நுழையுமா என்று கையில் வைத்துத்தான் தெரியும். பிக்கப்பும் அப்படியே. ஏழு கம்பி அகலத்துக்கு ரெடிமேடாகக் கிடைப்பது குறைவு. காந்தத் துருவங்கள் கம்பிக்கு நேராக வராமல் போகும் தொல்லை, தனித் துருவங்களுக்குப் பதில் ஒரே நீளப் பட்டை உள்ள பிளேடு பிக்கப்பில் இல்லை.

ஃப்ரெட்போர்டுக்கு நம் ஈட்டி மரம் உலகம் முழுக்க ஓடுகிறது, அதில் தயங்க வேண்டாம். நெக்கின் கனத்தில்தான் தயங்க வேண்டும். ஏழு ட்யூனர் தொங்கும் நீண்ட தலை தரையைப் பார்த்தே சாயும். தலையே இல்லாத ஹெட்லெஸ் அமைப்பில் அந்தக் கனம் பாடிப் பக்கம் போய்விடும், 37 அங்குல ஸ்கேலும் சாதாரண பேஸ் உறைக்குள் அடங்கிவிடும்.