யூனிட்டி பிளாசாவுக்குப் போகுமுன்: பழைய கேமிங் கணினியில் காசு வீணாகும் இடங்கள்

"அண்ணா, கார்ட் மாத்தியும் கேம் அப்பிடியேதான் இழுக்குது. கடைக்காரர் ஏமாத்திப்போட்டாரோ?"

வெள்ளவத்தையிலிருந்து சித்தியின் மகன் கேட்டது இது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. தம்பி ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராஃபிக்ஸ் கார்ட் கேட்டான், அவரும் அதையே கொடுத்தார். ஆனால் பெட்டிக்குள் இருந்தது 2017இல் வந்த ஐ5-7400 ப்ராசசர், ஒற்றை 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க். அவன் நாள் முழுக்க விளையாடுவது வாலரண்ட். அந்த கேம் கார்டிடம் பெரிதாக எதையும் கேட்காது, ப்ராசசரைத்தான் பிழியும். அவனுடைய பழைய கார்ட் ஜிடிஎக்ஸ் 1060 அதற்குத் தாராளமாகப் போதும். சேர்த்து வைத்த காசெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே பாகத்துக்குப் போய்விட்டது.

பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா படிகளில் ஏறும்போது நம்மில் பலர் "எதை வாங்கலாம்?" என்ற கேள்வியோடுதான் ஏறுகிறோம். எது இழுக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போவதில்லை. என் கணக்கில் முதல் தவறு இதுதான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரியும். வேறு நிறுவனத்துக் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கார்டின் பாவனை 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், மூச்சு வாங்குவது கார்ட். அது 50, 60இல் தூங்கிக்கொண்டிருக்க கேம் மட்டும் இழுத்தால், பெரும்பாலும் ப்ராசசர் அல்லது ரேம். எஃப்பிஎஸ் (திரையில் ஒரு விநாடிக்கு வரும் படங்கள்) எண்ணிக்கைக்கு நீங்களே பூட்டுப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ப்ராசசரின் மொத்தப் பாவனை 40 சதவீதம் என்று காட்டும், நாமும் "இன்னும் இடம் இருக்கே" என்று நினைப்போம். ஆனால் கேமின் முக்கிய வேலை ஒரே ஒரு கோரில் (ப்ராசசருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி) முட்டிக்கொண்டு நிற்கலாம். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதுவும் தெளிவாகவில்லையா? ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் சுமை கார்டில் இருந்தது. அசையவே இல்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்துக் கார்ட் வாங்கினாலும் அது அசையப்போவதில்லை.

இந்தச் சோதனைக்கு முன் பெட்டியைத் திறந்து துப்புரவு செய்யுங்கள். கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் 30 பாகையைத் தாண்டும், அந்தச் சூடு அப்படியே ப்ராசசர் தலையில் ஏறும். மரைன் டிரைவ் பக்கத்து மாடி வீடுகளில் தூசியோடு உப்புக் காற்றும் சேர்ந்து ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் பிசுபிசுவென்று ஒட்டும். பத்து நிமிடம் நன்றாக ஓடிய கேம் அப்புறம் இழுக்கத் தொடங்கினால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினாலே சில கணினிகள் பிழைத்துவிடும். (முதல் தடவை என் பெட்டியைத் திறந்தபோது பவர் சப்ளைக்கு மேல் இரண்டு பல்லி முட்டை இருந்தன. கார்ட் வாங்க யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.)

ரேமில் செய்யும் தவறு சின்னது, ஆனால் எல்லோரும் செய்வது. ஒற்றைத் துண்டு போட்டால் ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள இரண்டு பாதைகளில் ஒன்றுதான் திறக்கும். ஒரே மாதிரி இரண்டு துண்டு போட வேண்டும். ரேமுக்கு நான்கு இடம் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும். ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர் உள்ள கணினிகளில் இன்னொன்றும் உண்டு. 3200 என்று எழுதிய ரேமை வாங்கி, பயோஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைத் திறக்காமல் பல வருடமாக 2133இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வேகம் அது. ஒரு நிமிடம் செலவழித்துத் திறந்து விடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேம் திறக்கும் நேரம் குறையும், புது இடத்துக்குள் போகும்போது வரும் திக்கல் குறையும், கணினி முழுவதும் சுறுசுறுப்பாகும். அதற்காகவே வாங்கலாம். ஆனால் பழைய கணினிக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம் என்றாலும், இன்றைக்கும் பெரும்பாலான கேம்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, இப்போது காசு அதிகம் போகும் இடத்துக்கு வருவோம்.

தம்பியின் போர்டில் ப்ராசசர் உட்காரும் சாக்கெட் இன்டெல் 1151. அவனுடைய ஐ5-7400 ஏழாம் தலைமுறை. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ப்ராசசர்களும் 1151தான். "சாக்கெட் ஒன்று, அப்ப போடலாம்" என்று பாவித்த ஐ5-9400எஃப் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். போடலாம், உள்ளே நன்றாக உட்காரவும் செய்யும், ஆனால் ஓடாது. அவனுடைய போர்டில் ஏழாம் தலைமுறைக்கு மேல் வழியில்லை. அந்த வரிசையில் ஆகப் பெரிய ஐ7-7700கே வாங்கினாலும் கோர் நான்குதான். போதாக்குறைக்கு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அவனுடைய ப்ராசசரோ விண்டோஸ் 11க்கான பட்டியலிலேயே இல்லை. இப்படி முட்டுச் சந்தில் நிற்கும் போர்டுக்கு ப்ராசசர் வாங்குவது, விற்கப்போகும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி.

அதே 2017இல் ஏஎம்டி ரைசன் வாங்கியவர் கதை வேறு. அவருடைய ஏஎம்4 சாக்கெட் போர்டுக்கு நிறுவனம் புதிய பயோஸ் கொடுத்திருந்தால், ரைசன் 5000 வரிசை வரைக்கும் ஏறலாம். முதல் தலைமுறை ரைசனை எடுத்துவிட்டு அந்த வரிசையின் 5600 போட்டவர் பெட்டியையே மாற்றியது போல உணர்வார். இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. பழைய ப்ராசசரை முதலில் விற்றுவிட்டு, புதியதைப் போட்டுப் பார்த்தால் போர்ட் கண் திறக்காது. பயோஸைப் புதுப்பிக்கப் பல போர்டுகளுக்குப் பழைய ப்ராசசர் உள்ளேயே இருக்க வேண்டும். முதலில் பயோஸ், அப்புறம் விற்பனை.

2022இல் டொலர் சில வாரங்களிலேயே 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்ததிலிருந்து, "இப்போதைக்கு இதை மட்டும் மாற்றுவோம்" என்று துண்டுதுண்டாகச் செலவழிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் அடுத்த கணினிக்கும் கூட வரும் பாகங்களுக்குச் செலவழிக்க வேண்டும். கார்ட், எஸ்எஸ்டி, நல்ல பவர் சப்ளை, பெட்டி, மொனிட்டர் எல்லாம் வரும். போர்டும் ப்ராசசரும் வராது. அவற்றை மாற்றுவதானால் ஒன்றாக மாற்றுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். நானும் அதுதான் பாவிக்கிறேன். 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்ட்களை வைத்துத் தோண்டும் (மைனிங்) முறையைக் கைவிட்ட பிறகு, தோண்டிக் களைத்த கார்ட்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஃபான் தேய்ந்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், அவ்வளவுதான் பல நேரங்களில். எனக்குப் பயம் பெயரில்தான். "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று ஒன்று உலவுகிறது. உண்மையான 580இல் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), இதில் 570இல் உள்ள 2048தான். விளம்பரத்தில் கடைசிச் சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். விற்பவர் வீட்டிலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கேம் ஓட்டியும் பாருங்கள். புதிதாக வாங்கினாலும் கவனம் வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போர்டோடு நான்கே நான்கு பிசிஐ பாதைகளில் பேசும் கார்ட். பழைய பிசிஐ 3.0 போர்டில் போட்டால் அதன் பலம் கணிசமாகக் குறையும்.

பவர் சப்ளையை நாம் கடைசியில் மிஞ்சிய காசுக்கு வாங்குகிறோம். பெட்டியில் 500 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல், பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 என்றிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 300 வாட். கார்டுக்கும் ப்ராசசருக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான். யூபிஎஸ்ஸும் அப்படியே. 650 விஏ என்றால் 650 வாட் அல்ல, பெரும்பாலும் 400க்கும் கீழே. பெரிய கார்ட் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்தே போகும்.

அப்புறம் வயர். 2022 மின்வெட்டுக் காலத்தில் என் பவர் சப்ளை செத்தது. வேறு நிறுவனத்தினது ஒன்று வாங்கினேன். பழைய வயர்களை அழகாகக் கட்டி வைத்திருந்ததால் அவற்றைக் கழற்ற மனமில்லாமல் புதிய பவர் சப்ளையில் அப்படியே குத்தினேன். பிளக் சரியாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் ஒரு கருகல் மணம், அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கழற்றி மாட்டும் வயர்களில், பவர் சப்ளைப் பக்கத்து முனைக்கு எந்தப் பொது ஒழுங்கும் கிடையாது. ஒருவர் 5 வோல்ட் வைக்கும் இடத்தில் இன்னொருவர் 12 வைப்பார். பிழை முழுக்க என்னுடையது. அக்காவிடம் மட்டும் மின்வெட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பியின் கணினிக்கு என்ன செய்தோம்? 3060ஐத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அதனால் அதை வைத்தே கணக்குப் போட்டோம். பாவித்த ரைசன் 5 5600ம் பி450 போர்டும் ஒரு செட்டாகக் கிடைத்தன. பழைய ரேம் புதிய போர்டுக்கும் பொருந்தும் டிடிஆர்4 வகை என்பதால் கூட வந்தது, சோடிக்கு இன்னொன்று வாங்கினோம். பழைய போர்டும் ஐ5உம் சித்தப்பாவின் கடையில் கணக்கு எழுதும் கணினிக்குப் போயின.

பூட்டி முடித்த அன்று இரவு திரும்பவும் அழைத்தான். ஃபான் சுற்றுகிறதாம், திரை கறுப்பாம், "போர்ட் செத்துப்போச்சு அண்ணா." பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மொனிட்டர் வயர் போர்டில் குத்தியிருந்தது. 5600இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது.

"கீழ இருக்கிற கார்டில குத்தடா" என்றேன்.