நீலக்கால் நண்டின் இனப்பெருக்கத்தைக் கடற்கரையிலேயே ஆராய்வது எப்படி?

பாக் நீரிணைக் கரையில் விடியற்காலையில் நாட்டுப்படகுகள் ஒதுங்கியதும், நண்டு வலைகள் அப்படியே மணலில் இறக்கப்படும். வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரமே உங்கள் ஆய்வுக்கூடம். கல்லூரி மாணவராக இருந்தாலும் மீனவக் கிராமத்து இளைஞராக இருந்தாலும், ஒரு காலிப்பர், ஒரு மின்னணுத் தராசு, ஈரம் பட்டாலும் அழியாதபடி பென்சிலால் எழுதும் ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு, எந்த மாதத்தில் நண்டு சினை பிடிக்கிறது, எந்த அளவில் முதன்முதலாக முட்டையிடத் தகுதி பெறுகிறது, ஆணும் பெண்ணும் என்ன விகிதத்தில் கிடைக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓராண்டில் விடை காண முடியும். வேறு கடலில் எடுக்கப்பட்ட எண்ணை நம் கரைக்கு இரவல் வாங்குவதைவிட, நம் கரையில் நாமே அளந்த எண் பல மடங்கு பயனுள்ளது. நீரின் வெப்பமும் உவர்ப்பும் மாறினால் நண்டு முதிரும் அளவும் மாறும்.

முதலில் எந்த நண்டு என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். நீந்தும் நண்டுகளின் ஐந்தாம் இணைக் கால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். முதுகில் மூன்று பெரிய சிவப்புப் பொட்டுகள் இருந்தால் அது மூன்று புள்ளி நண்டு. சிலுவை போன்ற குறியும் கால்களில் பட்டைகளும் இருந்தால் அது சிலுவை நண்டு. நீலக்கால் நண்டில் ஆண் நீல நிறத்தில் வெள்ளைக் கோலங்களோடும், பெண் பச்சையும் பழுப்பும் கலந்த மங்கலான நிறத்தோடும் இருக்கும். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இந்த நண்டை 2010-இல் லாய், இங், டேவி ஆகிய மூவரும் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். வங்காள விரிகுடாப் பகுதியில் காணப்படுவது போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ் என்ற இனம் என்றாலும், நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றில் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்ற பழைய பெயரே தொடர்கிறது. ஆகவே மாதந்தோறும் சில நண்டுகளின் முதுகையும் வயிற்றுப் பக்கத்தையும் படமெடுத்து வைப்பது நல்லது. பெயர் பற்றிய சந்தேகம் பின்னாளில் எழுந்தால் அந்தப் படங்களே சாட்சி.

மாதத்துக்கு இரண்டு முறையாவது, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் கரைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது நூறு நண்டுகளை அளக்க முயலுங்கள். அவற்றை எங்கே, யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் இந்த ஆய்வில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அளப்பதில் அல்ல, தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கின்றன. வியாபாரியின் தராசுக்குப் போன கூடையிலிருந்து எடுத்தால், சிறியவையும் ஓடு இறுகாதவையும் ஏற்கெனவே கழித்து ஒதுக்கப்பட்டிருக்கும். நண்டு வலையோ தன் கண்ணின் அளவுக்கு ஏற்ற நண்டுகளை மட்டுமே பிடிக்கும். விசைப்படகின் இழுவை மடியில் சிறு நண்டுகளும் வரும். ஆகவே தரம் பிரிப்பதற்கு முன்பே, வலையிலிருந்து வந்த வரிசையிலேயே, தேர்ந்தெடுக்காமல் எடுங்கள். நாட்டுப்படகு, விசைப்படகு இரண்டிலிருந்தும் எடுத்து, வலையின் கண் அளவு, கடலின் ஆழம், கரையிலிருந்து தூரம் ஆகியவற்றைப் படகுக்காரரிடம் கேட்டு, தனித்தனிப் பக்கங்களில் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னர் பிரிக்க வழியில்லை.

அகலத்தை அளக்கும்போது, ஓட்டின் இருபுறமும் நீண்டிருக்கும் ஒன்பதாம் முட்களின் நுனியிலிருந்து நுனி வரை அளப்பது வழக்கம். முள் முறிந்த நண்டுகளும் நிறைய வருமாதலால், முள்ளின் அடிப்பகுதிக்கு இடைப்பட்ட அகலத்தையும் சேர்த்து எழுதிவைத்தால், முழு நண்டுகளிலிருந்து இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, முறிந்தவற்றின் முழு அகலத்தையும் கணித்துக்கொள்ளலாம். எடையைப் பொறுத்தவரை, வலையிலிருந்து பிரிக்கும்போது கொடுக்கோ காலோ ஒடிந்தவற்றை அகலம்–எடைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றின் அகலமும் ஆணா பெண்ணா என்ற விவரமும் மற்றக் கணக்குகளுக்குத் தாராளமாகப் பயன்படும்.

இனி நண்டை மல்லாக்கப் பிடியுங்கள். கொடுக்குகள் எட்டாதபடி பின்புறத் துடுப்புக்கால்களின் அடியில் பெருவிரலும் சுட்டுவிரலும் வைத்துப் பிடிப்பது பாதுகாப்பானது. நெஞ்சுப் பகுதியில் மடிந்து கிடக்கும் வயிற்று மடலைப் பாருங்கள். ஆணில் அது குறுகி, தலைகீழான ஆங்கில T எழுத்தைப் போல இருக்கும். இளம் பெண்ணில் முக்கோணமாக, நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும்; நகத்தால் நெம்பினாலும் எளிதில் வராது. முதிர்ந்த பெண்ணில் அதே மடல் அகன்று, அரைவட்டமாகி, விரல் பட்டாலே திறந்துகொள்ளும். முக்கோணம் அரைவட்டமாவது சிறுகச்சிறுக நடப்பதன்று. பருவமடையும் ஓடு கழற்றலில் ஒரே தடவையில் நடந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் ஆண் நண்டு பெண்ணைத் தன் வயிற்றுக்கு அடியில் நாட்கணக்கில் சுமந்து காத்திருக்கும். பழைய ஓட்டைக் கழற்றி மெத்தென்று இருக்கும் பெண்ணோடுதான் கூடும். அப்போது பெறும் விந்தைப் பெண் தன் விந்துப் பையில் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடப் பயன்படுத்தும். ஆகவே ஜோடியாகச் சிக்கிய நண்டுகளைக் கண்டால் தவறாமல் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். முட்டைக் காலத்தை முன்கூட்டியே சொல்லும் செய்தி அது.

மடலைத் திறந்ததும் தெரியும் முட்டைக் கொத்தின் நிறமே அதன் வயது. புதிதாக இட்டது மஞ்சளாகவோ இளம் ஆரஞ்சாகவோ இருக்கும். கரு வளர வளர மஞ்சள் கரு செலவழிந்து, கண்களும் நிறமிகளும் தோன்றி, கொத்து பழுப்பாகி, பொரிவதற்கு முன் கருஞ்சாம்பல் நிறம் அடையும். பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்சு வைத்திருந்தால், கரும்பழுப்பு முட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிவதைக் கரையிலேயே பார்த்துவிடலாம். முதன்முறை அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் கடலின் வெதுவெதுப்பில் இந்த மாற்றம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை வாரத்தில் முடிந்துவிடும். பொரித்த குஞ்சு சோயா (zoea) எனப்படும் நான்கு இளம்புழு நிலைகளையும், அடுத்து வரும் மெகலோபா (megalopa) என்னும் ஓர் இளநிலையையும் கடந்து, மிதந்து திரிந்து, பிறகே நண்டு உருவம் பெற்றுக் கடற்புல் படுகைகளில் வந்து தங்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மடலுக்கு அடியில் வழவழப்பான, பை போன்ற ஒரே கட்டி இருந்தால் அது முட்டை அல்ல, சாக்குலினா என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். முட்டைக் கொத்தைத் தொட்டால் மணல்மணலாக, தனித்தனி மணிகளாக உணரலாம். ஒட்டுண்ணியில் அந்த உணர்வு இருக்காது. இந்த ஒட்டுண்ணி ஆண் நண்டின் மடலையும் பெண்ணைப் போல அகலமாக்கிவிடும் என்பதால், பால் பிரிக்கும் கணக்கும் கெடும். இரண்டாவதாக, சில இடங்களில் விற்பனைக்காக முட்டையைச் சுரண்டிவிடும் பழக்கம் உண்டு. அகன்ற மடலைத் திறந்து உள்ளே இருக்கும் இறகு போன்ற நீச்சலுறுப்புகளை லென்சால் பாருங்கள். அவற்றின் மயிரிழைகளில் ஒட்டிய முட்டை மிச்சங்களோ வெறும் முட்டைத் தோல்களோ இருந்தால், அந்த நண்டு அண்மையில் சினையாக இருந்தது என்று எழுதலாம்.

எத்தனை முட்டை என்று அறிய, மஞ்சள் நிலையில் உள்ள இருபது முப்பது நண்டுகள் போதும். முதிர்ந்த கொத்தில் முட்டைகள் உதிர்ந்திருக்கும் என்பதால் அதை எண்ணக் கூடாது. நீச்சலுறுப்புகளோடு கொத்தை வெட்டி எடுத்து, உறிஞ்சு தாளில் நீரை ஒற்றி எடை பார்த்து, வெளிப்புறம், நடு, அடிப்புறம் என மூன்று இடங்களிலிருந்து சிறு துளியளவு எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக, 0.02 கிராம் துளியில் சராசரியாக 500 முட்டைகள் என்றால் கிராமுக்கு 25,000. நீச்சலுறுப்புகளின் எடையைக் கழித்த பின் கொத்து 30 கிராம் என்றால் மொத்தம் 7,50,000. சில லட்சங்களிலிருந்து பத்து லட்சத்துக்கு மேலும் முட்டை சுமக்கும் நண்டு இது. எண்ணிக்கை உடலின் அளவோடு கூடும் என்பதால், அகலத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். மற்றச் சினை நண்டுகள் உயிரோடு இருந்தால் ஈரச் சாக்கில் வைத்து அளந்து, படகுக்காரரின் சம்மதத்தோடு கடலிலேயே விட்டுவிடுங்கள்.

முதிர்ச்சி அளவைக் காண, பெண் நண்டுகளை ஐந்து மில்லிமீட்டர் பிரிவுகளாக அடுக்கி, ஒவ்வொரு பிரிவிலும் அரைவட்ட மடல் உடையவை எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, எஸ் வடிவ வளைகோடு ஒன்றைப் பொருத்துங்கள். அது ஐம்பது விழுக்காட்டைத் தொடும் அகலமே நீங்கள் தேடும் எண். ஆணில் மடல் உதவாது. உடைத்துப் பார்த்து, வெள்ளையாகச் சுருண்டு தடித்த விந்துக் குழாயைத் தேட வேண்டும்.

ஆண்–பெண் விகிதம் சமத்திலிருந்து விலகியது தற்செயல்தானா என்று பார்க்க, கை வர்க்கச் சோதனை (chi-square) போதும். 400 நண்டுகளில் ஆண் 220, பெண் 180 என்றால், எதிர்பார்த்த 200-லிருந்து இருபுறமும் விலகல் 20. அதன் வர்க்கம் 400-ஐ 200-ஆல் வகுத்தால் 2. இருபாலுக்கும் சேர்த்து 4. ஐந்து விழுக்காட்டு அளவில் வழக்கமாக எடுக்கும் எல்லை மதிப்பான 3.84-ஐ இது தாண்டுவதால், விகிதம் சமம் அல்ல என்று சொல்லலாம். ஆனால் பெண்கள் முட்டையிட ஆழமும் உவர்ப்பும் மிகுந்த நீருக்கு நகர்வது உண்டு. சினை நண்டு மணலில் புதைந்து கிடப்பதும் உண்டு. அதனால் ஆண் மிகுந்த கணக்கு, கடலில் பெண் குறைந்துவிட்டதைக் காட்டுகிறதா, நீங்கள் பார்த்த ஆழத்தில் மட்டும் குறைந்ததைக் காட்டுகிறதா என்பதை, ஆழவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வளர்ச்சியைக் கணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நண்டு ஓடு கழற்றித் தாவித் தாவி வளர்வதாலும், மீனின் காதெலும்பைப் போல வயதுக் கோடுகளை எளிதாக எண்ணும் வழி இல்லாததாலும், மாதந்தோறும் அகலப் பரவலின் முகடு, அதாவது மிக அதிக நண்டுகள் விழும் அகலம், நகர்வதைக் கொண்டே கணிக்கிறார்கள். நண்டு வலையின் தரவை மட்டும் வைத்து இதைச் செய்தால், முகடு நண்டின் வளர்ச்சியைக் காட்டாமல் வலைக்கண்ணின் அளவையே திரும்பத் திரும்பக் காட்டும். சிறு நண்டுகள் கிடைக்காத ஆய்வில் இந்தப் பகுதியை விட்டுவிடுவதே நேர்மை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த மாதங்களில் நாட்டுப்படகுத் தரவை மட்டும் எடுத்து, விசைப்படகுக்கான கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள். முன்பின் மாதங்களின் சராசரியால் நிரப்பாதீர்கள். பன்னிரண்டு மாதமும் முடிந்ததும், சினை நண்டின் விழுக்காட்டை மாதவாரியாக ஒரு பெரிய தாளில் வரைந்து, வலை பிரிக்கும் பெண்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மாதம் தவறாகத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னால், அந்த மாதத்துக் குறிப்பேட்டைத் திறந்து, எந்தப் படகிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.