தினமும் விக் வைக்கப் போகிறீர்களா?

சவுரி வைத்துப் பின்னிய பாட்டிகளின் பேத்திகள் நாம், விக் என்றதும் கூச்சப்பட என்ன இருக்கிறது? கம்மல் மாற்றுவது போலத்தான், இன்றைக்குத் தோள்வரை முடி, நாளைக்குச் சுருட்டை.

முதலில் அளவு. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுக்குப் பின்புறமாக, பிடரி வழியே டேப்பைச் சுற்றி எடுங்கள். பலருக்கு 54 முதல் 57 செ.மீ.க்குள் வரும், ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் விக்கின் உள்பட்டையில் சரிசெய்துகொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் செயற்கை இழையே போதும். விலை குறைவு, அலசிக் காயவைத்தால் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். ஆனால் சாதாரண இழையில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் உருகிவிடும், அடுப்பருகே குனிந்தாலே முன்முடி பொசுங்கும் (எனக்குத் தோசை சுடும்போது நடந்தது). மனித முடி சூடு தாங்கும், சாயமும் பிடிக்கும், விலைதான் எகிறும்.

சொந்த முடியை நன்றாகக் காயவைத்து, தட்டையாகப் பின்னி, தலையோடு பின் குத்தி, மேலே மெல்லிய பருத்தித் தொப்பி. ஈரத்தலையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மதியத்துக்குள் அரிப்பு ஆளைக் கொல்லும். விக்கை நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுத்துவிட்டு, அதன் காதோர மடல்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொம்மை முடி மாதிரி மினுக்குகிறதா? துளி டால்கம் பவுடர் தூவி உதறினால் அடங்கும்.

எட்டு பத்து முறை போட்டதும், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே, குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து கசக்காமல் அலசுங்கள். துண்டில் ஒற்றி நிழலில் காயவிடுங்கள், சீவுவது காய்ந்த பிறகுதான், அதுவும் நுனியிலிருந்து.