டேனிஷ் சுருளுக்கு இனிப்புப் பூரணம், ஃபின்லாந்து பைக்கு அரிசிப் பூரணம்

டேனிஷ் பேஸ்ட்ரிக்குள் வைக்கும் பூரணங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரெமோன்ஸ். வெண்ணெய், சர்க்கரை, பாதாம் விழுது மூன்றும் சம எடை; ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுங்கள். பாதாமைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோலுரித்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு அரைக்க வேண்டும். வெண்ணெய், விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில் இருக்கட்டும், உருகவே கூடாது. உருகினால் ஓவனில் வழிந்து தட்டில் கருகிவிடும். எங்கள் பாளையங்கோட்டை வெயிலில் பகலில் இது நடக்காத காரியம். விடிகாலையிலேயே குழைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஸ்வீடனில் பன் மாவில் ஏலக்காயைத் தாராளமாகப் போடுவார்கள், நீங்களும் தயங்காமல் தட்டிப் போடுங்கள்.

சரி, உப்புக்கு ஃபின்லாந்தின் கரேலியன் பை (pie), மெல்லிய மாவில் அரிசிப் பூரணம் வைத்துச் சுடுவது. மேல்மாவு அங்கே ரை என்ற, கோதுமை மாதிரியான தானியத்தின் மாவில். நான் கோதுமையோடு கொஞ்சம் கேழ்வரகு சேர்க்கிறேன். பூரணம் நம் அரிசிதான். புழுங்கலரிசி குழையாது, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பச்சரிசி அருமையாகக் குழையும். 1 கப் அரிசியை 1 கப் தண்ணீரில் வேகவிட்டு, நீர் வற்றியதும் 4 கப் பால் ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள். அடிபிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். கரண்டியைச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும். கடைசியில் உப்பு. நன்றாக ஆறியதும் மெல்லிய வட்டத்தின் நடுவில் பரப்பி, நடுவைத் திறந்தே விட்டு ஓரங்களைக் கொசுவி மடியுங்கள். ஓவனில் 250 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம். அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்துச் சுடச்சுட மேலே வையுங்கள்.