ஹோஒபோனோபோனோ: நான்கு வாக்கியத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

யூடியூபில் ஹோஒபோனோபோனோ என்ற ஹவாய்த் தீவுகளின் மன்னிப்பு முறை பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் வரும். "வருந்துகிறேன், என்னை மன்னித்துவிடு, நன்றி, உன்னை நேசிக்கிறேன்" என்று தினமும் 108 முறை சொல்லுங்கள். மனக்காயம் ஆறும், கடன் அடையும், பிரிந்துபோனவர் திரும்பி வருவார். இதை நம்பிச் சொல்பவர்களில் பலர் உண்மையான வலியோடு இருப்பவர்கள். அவர்கள் கைக்கு அரைகுறையாக ஒன்று போய்ச் சேர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஹவாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இதைவிடக் கடினமானது. பலனும் அதில்தான் இருக்கிறது.

அங்கே அது ஒரு குடும்பக் கூட்டம். மனஸ்தாபம் முற்றிப்போன உறவினர்கள் ஒரே இடத்தில் உட்காருவார்கள். ஒரு பெரியவர் நடத்துவார். நடந்ததைப் பேசி, தவறை ஒப்புக்கொண்டு, ஈடு செய்து, ஒருவரையொருவர் விடுவிப்பார்கள். வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால், மருந்து கொடுக்கும் முன்பே "உங்களுக்குள் என்ன பகை, முதலில் அதைத் தீருங்கள்" என்று வைத்தியர் சொல்வதும் உண்டு. 1820-இல் அமெரிக்க மிஷனரிகள் வந்திறங்கிய பிறகு இந்த வழக்கம் மெல்ல மங்கி, சில குடும்பங்களுக்குள் மட்டும் ஒதுங்கியது. அதை எழுத்தில் பிடித்துவைத்தவர்களில் முக்கியமானவர் மேரி கவேனா புகுயி (1895–1986). ஹவாய்த் தீவின் காஊ பகுதியில் சிறுவயதைப் பாட்டியிடம் கழித்த மொழியறிஞர். ஹொனொலுலுவில் ராணி லிலியுஒகலானி குழந்தைகள் மையத்தின் சமூகப் பணியாளர்கள், தங்களிடம் வரும் ஹவாய்க் குடும்பங்களைப் புரிந்துகொள்ள அவர் உதவியை நாடினார்கள். அந்த வேலையிலிருந்து பிறந்த 'நானா இ கே குமு' நூலின் முதல் தொகுதி 1972-இல் வந்தது. முறையின் படிகள் அதில் விரிவாக இருக்கின்றன.

அப்படியானால் நான்கு வாக்கியம்? மோர்னா நாலமாகு சிமியோனா (1913–1992) என்ற ஹவாய் வைத்தியர், 1970களில் இந்தக் குடும்ப முறையைத் தனி ஒருவரும் செய்யும்படி மாற்றி அமைத்தார். அவர் கற்றுக்கொடுத்ததும் பல படிகள் கொண்ட நீண்ட பிரார்த்தனைதான். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம்தான் நான்கு வாக்கியங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மனநல மருத்துவமனை வார்டு ஒன்றில் இருந்த குற்றவாளிகள், அவர்களுடைய கோப்புகளை வைத்துக்கொண்டு ஒருவர் இதைச் செய்ததாலேயே குணமானார்கள் என்ற கதையும் அதோடு பரவியது. அது சொன்னவர்களின் கூற்று. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பணம் வருவதற்கும் பழைய ஹவாய் முறைக்கும் சம்பந்தமே இல்லை.

பேசாமலே மன்னித்துவிடுவது

மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஹவாயின் ஹிலோ ஊரில் மீன்பிடிக்கும் அண்ணன் தம்பி. தம்பி சொல்லாமல் அண்ணனின் வலையை எடுத்துப்போய்க் கிழித்துவிட்டு மறைத்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அண்ணன் எல்லார் முன்னாலும் "திருடன்" என்றான். தம்பி மனைவி பிள்ளைகளைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினாள். அம்மா சின்னவன் பக்கம் சாய, அக்கா அம்மாவிடம் பேச்சை விட்டாள். முதலில் நடந்த தவறை ஹவாய் மொழியில் ஹலா என்பார்கள். அதைச் சுற்றி இத்தனை பேரையும் இழுத்துப் பின்னிக்கொண்ட சிக்கல்தான் ஹிஹியா. அண்ணன் தன் அறையில் உட்கார்ந்து "மன்னித்துவிட்டேன்" என்று ஆயிரம் முறை சொல்லலாம். அக்காவும் அம்மாவும் இன்னும் பேசவில்லையே?

கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கும். நடத்துபவர், அதாவது ஹாகு, எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதைச் சொல்வார். உண்மையைத்தான் பேசுவோம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு மஹிகி: அடுக்கு அடுக்காக உரிப்பது. முதலில் வலை. அது முடிந்தபிறகு "திருடன்" என்ற சொல். அதன்பிறகு பிள்ளைகளைத் தடுத்தது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. நம்மில் பலர் சமாதானம் பேசப் போய்ச் சண்டையோடு திரும்புவது இங்கேதான். நேற்றைய வலைக் கணக்கோடு, பத்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தில் நடந்த அவமானத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, நேருக்கு நேர் மோதிக்கொள்வது. ஹோஒபோனோபோனோவில் தம்பி அண்ணனைப் பார்த்துப் பேசுவதில்லை, ஹாகுவிடம் பேசுகிறான். அண்ணனும் அப்படித்தான். சொல்வது எல்லார் காதிலும் விழும். ஆனால் குத்தல் நேராகப் போய்த் தைக்காது. கோபம் தலைக்கேறினால் ஹாகு ஹோஒமாலு சொல்வார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, சொன்னதை யோசிக்க வேண்டும். அந்த இடைவெளியில் வெளியே போய் யாரிடமும் இதைப் பேசவும் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரே நாளில் முடியாமல் பல அமர்வுகள் போவதும் உண்டு. "இன்னைக்கே பேசி முடிச்சிடணும்" என்ற அவசரம் வேண்டாம்.

ஹாகுவாக யாரை உட்கார வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. ஒரு பக்கம் சாய்ந்தவர், இந்தச் சண்டையில் தானே மாட்டியிருப்பவர், கேட்டதை வெளியே சொல்பவர் ஆகாது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. பொருத்தமான பெரியவர் வீட்டில் இல்லையென்றால், எல்லாரும் மதிக்கும் வெளியாளைக் கூப்பிடலாம். ஹவாயில் இன்று பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் நடத்துகிறார்கள்.

ஈடு செய்யாத மன்னிப்பு

எல்லாம் உரிந்தபிறகுதான் மிஹி, தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது. வலையைக் கிழித்தவன் வாயால் கேட்டால் மட்டும் போதாது. வலையைப் பின்னிக் கொடுக்க வேண்டும், அல்லது புதிது வாங்கித் தர வேண்டும். "திருடன்" என்று ஊர் முன்னால் சொன்னவனும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன்பிறகே கலா, இருவரும் ஒருவரையொருவர் அவிழ்த்துவிடுவது.

இது ஹவாய் மக்களுக்கு வெறும் வீட்டு விவகாரம் அல்ல. தனி நாடாக இருந்த ஹவாயின் கடைசி ராணி லிலியுஒகலானியின் ஆட்சி 1893-இல் அமெரிக்கத் துணையோடு கவிழ்க்கப்பட்டதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. பழைய அரச நிலத்தைப் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தத் தீர்மானத்தின் வாசகங்கள் ஹவாய் மாநில அரசின் நில உரிமையை மாற்றவில்லை என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. சொல்லோடு நின்றுபோன மன்னிப்பு எப்படி இருக்கும் என்பதை அந்த மக்களுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அடிபட்டவரையே மன்னிப்புக் கேட்க வைப்பது

இதை அழுத்தமாகவே சொல்கிறேன். நான்கு வாக்கிய முறையோடு "உன் வாழ்க்கையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நூறு சதவீதம் நீயே பொறுப்பு" என்ற போதனையும் வருகிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண், சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் இதைக் கேட்டு "வருந்துகிறேன், என்னை மன்னித்துவிடு" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது மருந்தே அல்ல, இன்னொரு காயம். குடும்ப முறையில் முதலில் பெயர் சொல்லிப் பேசப்படுவது தவறு. தவறு செய்தவர் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். கொடுமை இன்னும் தொடர்கிறது என்றால் குடும்பத்தைக் கூட்டி உட்கார வைப்பதும் ஆபத்து. பயந்திருப்பவரால் அங்கே உண்மை பேச முடியாது. முதலில் பாதுகாப்பு, இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181.

மனச்சோர்வு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் இருப்பவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்வதும் அதே அளவு தவறு. புகுயி தன் நூலை எழுதியதே மனநல மருத்துவர் ஒருவருடன் சேர்ந்துதான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது இந்திய அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம்.

முடித்ததைத் திரும்பக் கிளறுவது

கலாவுக்குப் பிறகு ஓகி, வெட்டிவிடுவது. பேசித் தீர்த்த விஷயத்தை இனி யாரும் எடுக்கக்கூடாது. நிறைவுப் பிரார்த்தனை, பிறகு சேர்ந்து சாப்பாடு. சில குடும்பங்களில் லிமு கலா என்ற கடற்பாசியையும் இந்தச் சடங்கில் சேர்ப்பார்கள். பிறகு எட்டு மாதம் கழித்து வேறொரு சண்டையில் "அன்னைக்கு நீ வலையைக் கிழிச்சவன்தானே" என்றால் செய்தது அத்தனையும் வீண். புதிய தவறு நடந்தால் புதிதாக உட்காருங்கள், அந்த ஒன்றை மட்டும் பேசுங்கள்.

எதிராளி இறந்துவிட்டார், அல்லது பேச மறுக்கிறார் என்றால் என்ன செய்வது? சிமியோனாவின் தனிநபர் வழி உதவுவது இங்கேதான். அப்போதும் நான்கு வாக்கியத்தோடு தொடங்காதீர்கள். நடந்த தவறை ஒரு தாளில் நேராக எழுதுங்கள்: யார், என்ன செய்தார், உங்கள் பங்கு ஏதும் உண்டா. இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். உங்கள் பக்கம் கடன் இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளிடமாவது அதைத் திருப்பிக் கொடுங்கள். அதன்பிறகு உங்கள் சாமியை உங்கள் மொழியில் கும்பிட்டு விடுவிக்கலாம். ஹவாய்ச் சொற்கள் கட்டாயம் இல்லை. இதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கேட்கும் வகுப்பும் தேவையில்லை.