இறக்கத்தில் பிரேக் சூடான லொறிக்கு உதவும்போது

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது முன்னால் போகும் மரக்கறி லொறியின் சில்லில் புகையோ கருகல் வாடையோ வந்தால், ஹோர்ன் அடித்து அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் லொறியை அதற்குக் கீழே ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

முதல் வேலை, பின்சில்லுகளின் பள்ளப் பக்கத்தில் கட்டை வைப்பது. பிறகு எஞ்சினை அணைத்து ரிவர்ஸ் கியரில் விடச் சொல்லுங்கள். சூட்டோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்தால், டிரம் (சில்லோடு சுழலும் பிரேக் உருளை) ஆறிச் சுருங்கும்போது லைனரை (உள்ளே உராயும் பட்டையை) இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது, பலர் செய்வது இதைத்தான். வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விட்டுவிடும். தானாக ஆறட்டும், அரை மணி நேரமாவது.

வளைவுக்கு மேலே ஒருவர் நின்று வரும் வாகனங்களை மறிக்கட்டும், பனிமூட்டத்தில் டோர்ச்சோடு.

புறப்படும்போது பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, இரண்டாம் கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால் ஓரத்தில் எறிந்துவிட்டே கிளம்புங்கள். இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது.